நெடுங்கட்டுரை படிக்க ஆசை: எதில் தொடங்கலாம்?

கார்த்திகைப்பூ:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு நாளைக்கு எத்தனை தலைப்புச் செய்திகள் என் கண்ணில் படுகின்றன என்று நேற்று எண்ணத் தொடங்கினேன். நூறு தாண்டியதும் விட்டுவிட்டேன். அன்று இரவே தங்கை ஒன்று கேட்டாள்: "காற்றில் கார்பன் கூடுகிறது கூடுகிறது என்கிறார்களே, இது எப்போதிலிருந்து தெரியும்? தெரிந்துமா விட்டுவிட்டார்கள்?" பத்து வருடமாகக் காலநிலைச் செய்தி படிக்கிறவள் நான். இரண்டு வாக்கியத்துக்கு மேல் வாயில் வரவில்லை. அது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அதனால் துணுக்குகளைக் குறைத்துக்கொண்டு நீளமான கட்டுரைகள் படிக்கலாம் என்று இருக்கிறேன். நடப்பு, காலநிலை, வணிகம், பண்பாடு, எதுவானாலும் சரி. லிங்க் மூட்டை வேண்டாம், அது என்னிடமே இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்து முழுதாகப் படித்தது, வருடக்கணக்கில் ஆகியும் மறக்காதது, ஆளுக்கு ஒன்றிரண்டு சொல்லுங்கள். ஏன் மறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.

பழையபக்கம்:
நான் சொல்லப்போவது 1946இல் வந்தது. பழசு என்று தள்ளிவிடாதீர்கள்.

ஜான் ஹெர்சி எழுதிய 'ஹிரோஷிமா'. தி நியூ யார்க்கர் இதழில் 1946 ஆகஸ்ட் 31 அன்று வந்தது. ஏறக்குறைய 30,000 சொற்கள். நான்கு வாரத் தொடராகப் போடத்தான் முதலில் நினைத்திருந்தார்கள். பிறகு, பிரித்துப் போட்டால் வேகம் போய்விடும் என்று ஓர் இதழ் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டார்கள். அட்டையில் கோடைக்காலப் பூங்கா ஒன்றில் மக்கள் ஓய்வெடுக்கும் படம். உள்ளே திருப்பினால் அணுகுண்டு.

ஆறே பேர். ஓர் அலுவலகப் பெண், இரண்டு மருத்துவர்கள், ஒரு ஜெர்மன் பாதிரியார், ஒரு ஜப்பானிய மதபோதகர், மூன்று குழந்தைகளோடு தனியாக இருந்த ஒரு தாய். காலை 8:15க்கு ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதில் தொடங்குகிறது. அலுவலகப் பெண் பக்கத்து மேசைக்காரியிடம் ஏதோ சொல்லத் தலையைத் திருப்புகிறாள். குண்டு வெடித்த அந்த நொடியில் அவளுக்குப் பின்னால் இருந்த புத்தக அலமாரிகள் அவள் மேல் சாய்கின்றன.

எனக்கு மறக்காதது அந்தத் தாயின் கதைதான். நாகமுரா என்று பெயர். கணவர் தையல்காரர், சிங்கப்பூரில் போரில் இறந்தவர். அவர் விட்டுப்போன தையல் இயந்திரத்தால்தான் வீடு ஓடுகிறது. குண்டு விழுந்து, வீடு சரிந்து, குழந்தைகளை இடிபாட்டிலிருந்து தோண்டி எடுத்தாயிற்று. தீ நெருங்குகிறது, ஓட வேண்டும். தூக்கிக்கொண்டு போக முடியாத அந்த இயந்திரத்தை என்ன செய்வது? தீயணைக்க வீட்டு முன்னால் கட்டி வைத்திருந்த சிமெண்ட் தொட்டியில், தண்ணீருக்குள் இறக்கிவிட்டுப் போகிறாள்.

அந்தக் குண்டின் வலிமை எத்தனை டன் என்று நான் பலமுறை படித்துப் பலமுறை மறந்திருக்கிறேன். தண்ணீருக்குள் போன அந்த இயந்திரத்தை மட்டும் மறக்கவே முடியவில்லை.

ஒரு வேண்டுகோள். 1985இல் ஹெர்சி திரும்பப் போய், ஆறு பேரும் என்ன ஆனார்கள் என்று எழுதினார். அதே இதழில் வந்தது. முதல் கட்டுரையை முடிக்காமல் அதைத் தொடாதீர்கள்.

அலைவரிசை:
ஐயா, மரியாதையோடுதான் கேட்கிறேன். அவர் கேட்டது நடப்பு. 1946 எப்படி நடப்பாகும்? இன்றைக்கு நடப்பது புரிய வேண்டுமானால் இன்றைக்கு எழுதியதைத்தானே படிக்க வேண்டும்? இப்படிப் பழைய பெருமைகளையே அடுக்கினால் புதிதாகப் படிக்க வருகிறவர் பாடத்திட்டம் என்று பயந்து ஓடிவிடுவார்.

பழையபக்கம்:
கோபமில்லை தம்பி, நியாயமான கேள்விதான்.

இன்றைக்கு வந்த பத்துக் கட்டுரைகளில் எது நிற்கும் என்று இன்றைக்கே எனக்குச் சொல்லத் தெரியாது. பழைய கட்டுரையில் ஒரு வசதி இருக்கிறது. அடுத்து என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும், எழுதியவருக்குத் தெரியாது. அவர் எதைச் சரியாகப் பிடித்தார், எதைக் கோட்டைவிட்டார், யார் பேச்சை நம்பி ஏமாந்தார் என்று பக்கத்துக்குப் பக்கம் சோதித்துப் பார்க்கலாம். அப்படி ஐந்தாறு படித்தால் கண் பழகிவிடும். அப்புறம் போன வாரம் வந்த கட்டுரையைக் கையில் எடுத்தால், இவர் நேரில் போய்ப் பார்த்து எழுதுகிறாரா, நாலு பேட்டியைக் கோத்து எழுதுகிறாரா என்பது மூன்றாவது பத்தியிலேயே தெரிந்துவிடும்.

முழு நாளும் பழசையே படியுங்கள் என்று சொல்லவில்லை. தொடக்கம் அங்கே இருக்கட்டும் என்கிறேன்.

நீரோட்டம்:
கார்த்திகைப்பூ, உங்கள் தங்கை கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும் கட்டுரையே ஒன்று இருக்கிறது. நத்தானியேல் ரிச் எழுதிய 'லூசிங் எர்த்'. 2018 ஆகஸ்டில் தி நியூ யார்க் டைம்ஸ் மேகசின் ஓர் இதழ் முழுவதையும் அதற்குக் கொடுத்தது. 1979 முதல் 1989 வரை, பத்தே ஆண்டுகளின் கதை.

தொடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ரேஃப் பொமரன்ஸ் என்று ஒரு சுற்றுச்சூழல் ஆர்வலர். விஞ்ஞானி அல்ல. நிலக்கரி பற்றிய ஓர் அரசுத் தொழில்நுட்ப அறிக்கையைப் புரட்டுகிறார். யாரும் படிக்காத வகை அறிக்கை. 66ஆம் பக்கத்தில் ஒரு சின்னப் பத்தி: இப்படியே எரித்துக்கொண்டிருந்தால் சில பத்தாண்டுகளில் பூமியின் காற்றுமண்டலத்தில் பெரிய மாற்றம் வரலாம் என்கிறது. அவ்வளவுதான். விளக்கம் இல்லை, அபாய அறிவிப்பு இல்லை. இது உண்மையானால் ஏன் ஒருவரும் பேசவில்லை என்று அவர் தேடிக் கிளம்புகிறார். கட்டுரை அவர் பின்னாலேயே போகிறது.

அதே 1979இல் ஜூல் சார்னி என்ற வானிலை விஞ்ஞானியின் தலைமையில் ஒரு குழு கணக்குப் போட்டது. காற்றில் கார்பன் டைஆக்சைடு இரட்டிப்பானால் வெப்பம் சுமார் 3 டிகிரி உயரும், ஒன்றரை டிகிரி கூடலாம் குறையலாம் என்றது. 42 ஆண்டுகள் கழித்து, 2021இல், ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானக் குழுவான ஐபிசிசியின் அறிக்கை சொன்ன நடு மதிப்பும் அதே 3 டிகிரிதான். இடைப்பட்ட வரம்பு மட்டும் ஒடுங்கியிருக்கிறது. தங்கையிடம் இதை மட்டும் சொன்னால்கூடப் போதும். எப்போதிலிருந்து தெரியும்? அடிப்படை எண் 1979லேயே மேசை மேல் இருந்தது.

அதற்கு முன்பும் தெரியும் என்பது வேறு கதை. ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கார்பன் டைஆக்சைடு பத்து லட்சத்தில் 313 பங்கு. இப்போது 420ஐத் தாண்டி நிற்கிறது. அந்த வளைகோட்டை ஒரு தடவை பொறுமையாகப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் பல் பல்லாக ஏறி இறங்கும். வட அரைக்கோளத்தில் கோடையில் இலைகள் செழித்து வளரும்போது இறங்கும், இலை உதிர்ந்து மக்கும்போது ஏறும். பூமி மூச்சு விடுவது போலவே இருக்கும்.

செவ்வானம்:
நீரோட்டம் அக்கா, அந்தக் கட்டுரையை நானும் படித்தேன். அதோடு நிறுத்திக்கொண்டால் "தெரிந்துமா விட்டுவிட்டார்கள்" என்ற இரண்டாவது கேள்விக்குத் தங்கையிடம் தப்பான பதில் போய்ச் சேரும்.

அந்தப் பத்து ஆண்டுகளில் எல்லாம் கைகூடி வந்தது, மனிதர்கள் நாம்தான் தவறவிட்டோம் என்கிற மாதிரி ரிச் எழுதிவிட்டார். 'நாம்' என்றால் யார்? வெளிவந்த உடனேயே பலர் இதைக் கேட்டார்கள். அதனால் கூடவே இன்சைட் க்ளைமேட் நியூஸ் 2015இல் எக்ஸான் என்ற எண்ணெய் நிறுவனம் பற்றி வெளியிட்ட தொடரைப் படியுங்கள். ஜேம்ஸ் பிளாக் என்ற நிறுவன விஞ்ஞானி 1977லேயே மேலிடத்துக்கு இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். 1979இல் எஸ்ஸோ அட்லாண்டிக் என்ற எண்ணெய்க் கப்பலில் கருவிகளைப் பொருத்தி, கடலிலும் காற்றிலும் கார்பன் டைஆக்சைடை அவர்களே அளந்திருக்கிறார்கள். அப்படி அளந்த நிறுவனம்தான் பின்னாளில் விஞ்ஞானத்தில் உறுதி இல்லை என்று சந்தேகத்தைக் கிளப்பப் பணம் செலவழித்தது. அந்தத் தொடர் நிறுவனத்தின் உள் ஆவணங்களையும் முன்னாள் ஊழியர்களின் பேட்டிகளையும் வைத்து எழுதப்பட்டது.

2023இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று, அந்த நிறுவன விஞ்ஞானிகள் போட்டுவைத்த பழைய கணிப்புகளை எடுத்துப் பின்னால் நிஜமாக ஏறிய வெப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பெரும்பாலானவை பொருந்தின. எனக்கு அதைப் படித்தபோது தூக்கம் வரவில்லை.

நீரோட்டம்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். நான் அதைச் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனாலும் ரிச்சை முதலில் படிக்கச் சொல்வேன். 1989இல் நெதர்லாந்தின் நூர்ட்வைக்கில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கூடி, உமிழ்வுக்கு வரம்பு கட்டும் உறுதிமொழிக்கு எவ்வளவு பக்கத்தில் வந்தன, கடைசி நேரத்தில் அது எப்படி நழுவியது என்று அவர் காட்டுகிறார். அதை அறைக்குள் இருந்து பார்ப்பது போலக் காட்டிய கட்டுரை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு கட்டுரைகள் முட்டிக்கொள்வதைப் பார்ப்பதும் நல்ல படிப்புத்தான். எந்த ஆவணத்தை இவர் பார்த்தார், எதை அவர் விட்டார் என்று நீங்களே தேடத் தொடங்குவீர்கள்.

இன்னொன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஜான் மெக்ஃபீ 1987இல் எழுதிய 'அச்சஃபலாயா'. அதில் காலநிலை என்ற சொல்லுக்குப் பெரிய வேலை இல்லை. ஓர் ஆறு, ஓர் அணை, பிடிவாதமான சில பொறியாளர்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு ஆயிரம் ஆண்டுக்கு ஒரு முறை என்கிற மாதிரி பாதை மாற்றிக் கடலுக்குப் போகும். கொண்டுவரும் வண்டல் சேர்ந்து சேர்ந்து பழைய பாதை நீண்டுவிடும், பக்கத்தில் குறுக்கு வழி கிடைத்தால் அதில் பாய்ந்துவிடும். இப்போது அதற்குக் கிடைத்திருக்கும் குறுக்கு வழி அச்சஃபலாயா. கடலுக்குத் தூரம் பாதிதான். ஆறு அப்படிப் போய்விட்டால் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகமும் கரையோரத் தொழிற்சாலைகளும் என்ன ஆவது? எனவே 70 பங்கு பழைய பாதையில், 30 பங்கு புதிய பாதையில் என்று சட்டம் போட்டு, 1963இல் கட்டுமானம் கட்டி ஆற்றைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். 1973 வெள்ளத்தில் அதன் பக்கச்சுவர் ஒன்று சரிந்தது. அடித்தளத்துக்குக் கீழே வெள்ளம் பெரிய பள்ளத்தை அரித்துவிட்டிருந்தது. மேலே நின்ற மனிதர்கள் காலடியில் அதிர்வை உணர்ந்ததை மெக்ஃபீ எழுதியிருப்பார். வெள்ளம், கரை, அணை என்று எந்தச் செய்தி வந்தாலும் எனக்கு அந்தப் பள்ளம்தான் நினைவுக்கு வரும்.

பேரேடு:
வணிகம் கேட்டீர்கள். நான் கணக்குத் தணிக்கைத் தொழிலில் இருபது வருடமாக இருக்கிறவன். இரண்டு சொல்கிறேன்.

முதலாவது சின்னது. பெத்தனி மக்லீன் 2001 மார்ச்சில் ஃபார்ச்சூன் இதழில் எழுதியது. என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் பங்கு விலை கூடுதலோ என்பதுதான் தலைப்பே. அப்போது என்ரானைச் சந்தேகிப்பது பாவம் மாதிரி. அவர் கேட்டது ஒரே கேள்வி: இந்த நிறுவனம் சரியாக எப்படிப் பணம் சம்பாதிக்கிறது? தலைமை நிர்வாகி பாதியில் தொலைபேசியை வைத்துவிட்டார். பிறகு மூன்று அதிகாரிகள் விமானம் ஏறி நேரில் வந்து விளக்கம் சொன்னார்கள். அப்போதும் பதில் கிடைக்கவில்லை. பதில் கிடைக்கவில்லை என்பதையே அவர் கட்டுரையாக எழுதினார். மோசடி என்று ஒரு சொல் கிடையாது, ஏனென்றால் அதற்கான ஆதாரம் அவர் கையில் இல்லை. அந்த ஆண்டு டிசம்பர் 2இல் என்ரான் திவால் மனு போட்டது.

தொழில் தெரிந்தவனாக இதில் ஒன்றை விளக்க வேண்டும். நீண்டகால ஒப்பந்தம் ஒன்றில் வருங்காலத்தில் வரப்போகும் லாபத்தை மதிப்பிட்டு இன்றைக்கே வரவு வைப்பது அவர்கள் வழக்கம். சந்தை விலைக் கணக்கு என்போம். சந்தை விலை வெளிப்படையாக இருக்கும் பொருளுக்கு அது சரி. விலையே இல்லாத புது வியாபாரத்துக்கு? பிளாக்பஸ்டர் என்ற வீடியோ வாடகைக் கடை நிறுவனத்தோடு 2000இல் 20 ஆண்டு ஒப்பந்தம், இணையம் வழியாகப் படம் அனுப்பும் திட்டம். 11 கோடி டாலருக்கு மேல் லாபம் என்று எழுதிக்கொண்டார்கள். 2001இல் ஒப்பந்தமே முறிந்தது. பேரேட்டில் லாபம் இருக்கும், கல்லாவில் காசு இருக்காது. லாபத்துக்கும் ரொக்கத்துக்கும் நடுவே இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு அகலமாகிறதா என்று பாருங்கள், எந்த நிறுவனக் கட்டுரை படித்தாலும்.

இரண்டாவது பெரியது. ஐடா டார்பெல் எழுதிய ஸ்டாண்டர்ட் ஆயில் வரலாறு. 1902 முதல் 1904 வரை மக்ளூர்ஸ் இதழில் 19 பகுதிகள். பழையபக்கம் ஐயா சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ராக்பெல்லரின் நிறுவனம் எப்படி வளர்ந்தது என்றால், ரயில் கம்பெனிகளோடு ரகசியப் பேச்சு. தன் சரக்குக்குத் தள்ளுபடி வாங்குவது ஊரறிந்த விஷயம். 1872இல் ஒரு திட்டம் வந்தது. போட்டியாளர் அனுப்பும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் அவர் கட்டும் கட்டணத்திலிருந்து ஒரு பங்கு இவர்களுக்கு வரும். கூடவே போட்டியாளர் எங்கே, எவ்வளவு அனுப்புகிறார் என்ற தகவலும் வரும். எதிராளி விற்க விற்க உனக்குப் பணம். எழுதிவைத்துக்கொண்டு யோசித்தேன், இதற்கு மேல் ஒரு கொள்ளை எனக்குத் தோன்றவில்லை. ஊரே கொதித்தெழுந்ததால் அந்தத் திட்டம் அப்படியே அமலுக்கு வரவில்லை. வழக்கம் மட்டும் வேறு வடிவங்களில் தொடர்ந்தது.

அதை டார்பெல் எப்படி நிரூபித்தார் என்பதில்தான் பாடம். வழக்குப் பதிவுகள், அரசு விசாரணை ஏடுகள், ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். அதோடு ஒரு பையன். மாதாமாதம் பழைய காகிதங்களை எரிப்பது ஸ்டாண்டர்ட் ஆயில் அலுவலகத்தில் அவன் வேலை. ஒருநாள் எரிக்கப்போகும் தாளில் தனக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கும் ஆசிரியரின் பெயரைப் பார்க்கிறான். அவர் தனியாக எண்ணெய் சுத்திகரிக்கும் சின்ன முதலாளி. அவருடைய சரக்குக் கணக்கு இங்கே எப்படி வந்தது? அவன் எரிக்காமல் எடுத்துவைத்தான். அந்தக் காகிதங்கள் டார்பெல் கைக்கு வந்தன. 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுவனத்தை 34 துண்டாகப் பிரிக்கச் சொன்னது. அவர் கட்டுரைகள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மக்கள் அந்த வழக்கைப் புரிந்துகொள்ளக் காரணம் அவைதான்.

டார்பெல்லின் தந்தையும் அதே வட்டாரத்தில் எண்ணெய்த் தொழிலில் அடிபட்டவர். அதனால் அவர் எழுத்தில் சாய்வு உண்டு என்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆவணம் இருக்கிறதா என்று பாருங்கள் என்பது என் பதில்.

விடிவெள்ளி:
எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள். ஏமாந்த கதையும் ஒன்று பதிவாகட்டும், ஏனென்றால் நீளமான கட்டுரை என்றாலே உண்மை என்று ஒரு மயக்கம் நம்மிடம் இருக்கிறது.

கிளாஸ் ரெலோட்டியஸ். ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழில் நட்சத்திர எழுத்தாளர். விருது மேல் விருது. 2018 டிசம்பரில் அந்த இதழே ஒப்புக்கொண்டது: பல கட்டுரைகளில் ஆட்களையும் பேச்சையும் காட்சிகளையும் அவர் கற்பனையாக எழுதியிருக்கிறார். கண்டுபிடித்தவர் அவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதிய ஹுவான் மொரேனோ. மேலிடம் முதலில் அவரை நம்பவில்லை. தன் சொந்தச் செலவில் போய் ஆட்களைத் தேடிப் பிடித்துப் பேசி நிரூபித்தார். உண்மை சரிபார்க்க அந்த இதழில் பெரிய துறையே இருந்தும் தப்பியது.

அமெரிக்காவில் ஃபெர்கஸ் ஃபால்ஸ் என்ற சிற்றூரைப் பற்றி ரெலோட்டியஸ் எழுதியிருந்தார். ஊர் எல்லையில் மெக்சிகோக்காரர்கள் உள்ளே வராதீர்கள் என்று பலகை இருப்பதாக எழுதினார். அப்படி ஒரு பலகையே கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து கட்டுரையில் எது எது பொய் என்று ஒவ்வொன்றாக எழுதி வெளியிட்டார்கள். அவர்கள் எழுதியதையும் தேடிப் படியுங்கள். பொய்க் கட்டுரையைவிட அது எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

அலைவரிசை:
இதைக் கேட்டால் பயமாக இருக்கிறது. அவ்வளவு பெரிய இதழே ஏமாந்தால், வீட்டில் உட்கார்ந்து படிக்கிற எனக்கு எப்படித் தெரியும்?

விடிவெள்ளி:
முழுதாகத் தெரியாது தம்பி. ஆனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அழகான வரி ஒன்று வந்தால் நிறுத்தி, "இது இவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பேன். நேரில் இருந்தாரா, யாராவது சொன்னார்களா, கடிதத்தில் இருந்ததா? ஒருவர் தனியறையில் என்ன பாட்டை முணுமுணுத்தார் என்று வந்தால், அதைக் கேட்டது யார்? நல்ல எழுத்தாளர்கள் அதற்கு விடையைப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். இன்னொன்று, எல்லாமே கச்சிதமாகப் பொருந்தினால் எச்சரிக்கை. வாழ்க்கையில் தொங்கல்கள் இருக்கும். பேரேடு சார் சொன்ன என்ரான் கட்டுரையில் பதில் கிடைக்கவில்லை என்பதே முடிவாக இருக்கிறது பாருங்கள், அப்படி.

மழைக்குருவி:
பண்பாட்டுப் பக்கம் யாரும் வரவில்லையே. விடிவெள்ளியின் கேள்வியோடு சேர்த்துப் படிக்க ஏற்றது கே டலீஸ் 1966 ஏப்ரலில் எஸ்குயர் இதழில் எழுதிய 'ஃபிராங்க் சினாட்ரா ஹாஸ் எ கோல்ட்'.

பாடகர் சினாட்ராவுக்கு அப்போது ஐம்பது வயது. பேட்டி எடுக்கப் போனவரிடம் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். இன்னொருவராக இருந்தால் திரும்பிப் போயிருப்பார். டலீஸ் அங்கேயே தங்கிவிட்டார். சுற்றி இருந்தவர்களிடம் பேசினார், தூரத்தில் நின்று பார்த்தார். சலவைக்கடைச் சட்டைக்குள் வைக்கும் அட்டையை வெட்டி அதில் குறிப்பெழுதுவது அவர் வழக்கம். சினாட்ராவின் பொய்முடிகளைப் பையில் வைத்துக்கொண்டு போகிற இடமெல்லாம் பின்னாலேயே வரும் ஒரு நரைத்த அம்மாள் அந்தக் கட்டுரையில் வருவார், ஓரிரு வரிதான். புகழ் என்றால் என்ன, ஒரு மனிதரைச் சுற்றி எத்தனை பேர் பிழைக்கிறார்கள், அவருக்குச் சளி பிடித்தால் எத்தனை பேர் தும்முகிறார்கள் என்பது அதில் விளங்கிவிடும். பேட்டி கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரை வந்திருக்காது என்றே நினைக்கிறேன். நடிகர், பாடகர் பேட்டி எதைப் படித்தாலும், பேசாமல் பின்னால் நிற்பவர் யார் என்று இப்போது தேடுகிறேன்.

கார்த்திகைப்பூ:
எல்லோருக்கும் நன்றி. 'ஹிரோஷிமா'வில் தொடங்கிவிட்டேன். ஆனால் ஒரு சங்கடம். மெதுவாகத்தான் போகிறது. அரை மணி நேரம் படித்தால் கை தானாகப் போனைத் தேடுகிறது. முந்தின நாள் படித்தது மறுநாள் கலைந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், பிறகு படிக்கலாம் என்று சேர்த்து வைத்தவை 600க்கு மேல் கிடக்கின்றன, அவை வேறு மனதை அழுத்துகின்றன.

செவ்வானம்:
அந்த 600ஐ விட்டுவிடுங்கள் தோழி. நான் பயன்படுத்திய சேமிப்புச் செயலி ஒருநாள் மூடப்பட்டது. ஏழு வருடச் சேகரிப்பு. தரவிறக்கிக்கொள்ளச் சொன்ன கோப்பில் தலைப்பும் முகவரியும் மட்டுமே வந்தன, பாதி முகவரிகள் திறக்கவில்லை. இரண்டு நாள் துக்கமாக இருந்தது. அப்புறம் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் எதை நான் உண்மையாகவே படித்தேன் என்று டிக் போட்டேன். 40கூடத் தேறவில்லை. இப்போது சேமிப்பதே இல்லை. ஒரே நேரத்தில் ஒரு கட்டுரைதான், தாளில் அச்செடுத்து, பென்சிலோடு. முடிக்கும் வரை வேறு எதையும் திறப்பதில்லை.

நீரோட்டம்:
கலைந்துபோவதற்கு என் வழி இது. படித்து முடித்த அன்றே யாரிடமாவது தமிழில் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். ஆங்கிலத்தில் படித்தது தலைக்குள் ஆங்கிலமாகவே மிதந்துகொண்டிருக்கும், புரிந்த மாதிரியே இருக்கும். தமிழில் சொல்லப் போனால் எங்கே புரியவில்லையோ அங்கே நாக்கு நின்றுவிடும். அச்சஃபலாயா பற்றி அப்படிச் சொன்னபோது, ஆறு ஏன் பாதை மாற்ற வேண்டும் என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். திரும்பப் போய் அந்த நாலு பக்கத்தை மறுபடி படித்தேன். வண்டலால் பாதை நீளும் என்பது அப்போதுதான் உறைத்தது. உங்களுக்கு வீட்டிலேயே கேள்வி கேட்கத் தங்கை இருக்கிறாளே, அவளிடம் சொல்லுங்கள்.

பேரேடு:
இதையே வழிமொழிகிறேன். எண்கள் வந்தால் மட்டும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஓர் எண் தனியாக எதையும் சொல்லாது. போன வருடம் எவ்வளவு, மொத்தத்தில் எத்தனை பங்கு என்ற இரண்டையும் எழுத்தாளர் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். கொடுக்காவிட்டால் ஓரத்தில் கேள்விக்குறி.

பழையபக்கம்:
வேகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் அம்மா. ஹெர்சி அந்த ஆறு பேரோடு வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். நாம் நாலு நாள் எடுத்துக்கொண்டால் என்ன?

அலைவரிசை:
ஐயா, உங்களிடம் வாதாடிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை, என்ரான் கட்டுரையைத் தேடிப் படித்தேன். சின்னதுதான், ஒரே மூச்சில் முடிந்தது. பிறகு நான் வழக்கமாகப் படிக்கும் ஒரு புது நிறுவனம் பற்றிய போன மாதக் கட்டுரையை எடுத்து, இவர்கள் எப்படிப் பணம் சம்பாதிக்கிறார்கள் என்ற பதிலைத் தேடினேன். எட்டுப் பக்கத்தில் நிறுவனர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்பது வரை இருக்கிறது, அது மட்டும் இல்லை. முதலில் படித்தபோது அது இல்லாதது எனக்குத் தெரியவே இல்லை.

கார்த்திகைப்பூ:
ஒன்பது நாள் ஆயிற்று. நடுவில் இரண்டு நாள் படிக்கவில்லை. தாளில் அச்செடுத்தேன், செவ்வானம் சொன்ன மாதிரி. ஒவ்வோர் இரவும் தங்கையிடம் தமிழில் சொன்னேன், அவள் விடாமல் கேட்டாள். அந்தத் தாய் பிறகு வந்து தொட்டியிலிருந்து இயந்திரத்தை எடுக்கிறாள், முழுக்கத் துருப்பிடித்திருக்கிறது. அந்த இடத்தில் தங்கை, "அப்புறம் அது ஓடியதா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை.

முதல் கட்டுரை முடிந்த பிறகுதான் 1985இல் வந்ததைத் திறந்தேன் ஐயா, நீங்கள் சொன்னபடியே. நேற்று இரவு அந்த இடத்துக்கு வந்தேன். நாகமுராவுக்கு உடம்பு தேறவே இல்லை. கையில் காசும் இல்லை. மருத்துவருக்குக் கொடுக்க, கணவர் விட்டுப்போன அந்தத் தையல் இயந்திரத்தை விற்றுவிடுகிறார். தன் வாழ்நாளிலேயே அதைவிடத் துயரமான நேரம் வேறில்லை என்று பின்னாளில் அவர் நினைத்தாராம்.

தங்கையை எழுப்பிச் சொன்னேன்.